நாடியின் வேகமும் இருதயத்தின் ஓய்வும்



இ.சி.ஜி. என்று நாம் வழங்கும் அந்த நீண்ட தாளை இன்று காணாத இல்லம் அரிது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், வெளிநாட்டு வேலைக்குச் செல்லுமுன்னும், முதியவர் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவுடனும் அது எடுக்கப்படுகிறது. தாளின் மேல் ஓரத்தில் கருவியே சில எண்களை அச்சிட்டுத் தருகிறது. அவ்வெண்களுள் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன். க்யூ-டி என்றும், அதன் அருகில் க்யூ-டி-சி என்றும் ஆங்கில எழுத்துக்களில் காணப்படும் எண் அது. அதைக் கண்டு காரணமின்றிக் கலங்கிய குடும்பங்கள் உண்டு. அது சொல்ல வந்ததை எவரும் கேளாததால் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. இரண்டிற்கும் இடையில் நிற்பது நாடித்துடிப்பின் வேகம் என்னும் எளிய செய்தியே.

முதலில் அந்தக் கோடுகள் யாவை என்று பார்ப்போம். ஹாலந்து நாட்டில், லைடன் நகரத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அக்கருவியை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிறைந்த தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டும். அக்கருவி வரைந்த மேடுபள்ளங்களுக்கு அவர் இட்ட பெயர்களே பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துக்கள். 1924ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அக்கருவி ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. எழுத்துக்கள் மட்டும் மாறவில்லை.

இருதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெறத் தொடங்கும் இடம் க்யூ. அவ்வறைகள் தம் மின்நிலையைத் திரும்பப் பெற்று, அடுத்த துடிப்பிற்கு ஆயத்தமாகிவிட்டன என்பதைக் காட்டுவது டி என்னும் மேட்டின் முடிவு. ஆகவே க்யூ-டி என்பது, ஒரு துடிப்பின் மின்வேலை தொடங்கி, மீட்சி முற்றுப்பெறும் வரை செல்லும் காலம். தாள் ஒரு விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஆதலால் சிறு கட்டம் ஒன்று விநாடியில் 25இல் ஒரு பங்கு, அதாவது 40 மில்லி விநாடி. நாடி 60 ஆக இருக்கும் ஒருவருக்குப் பத்துச் சிறு கட்டங்கள், அதாவது 400 மில்லி விநாடி அளவில் க்யூ-டி அமைவது இயல்பு.

ஆனால் அந்த 400 எல்லா வேளையும் 400 ஆக நிற்பதில்லை. நெல் குத்தும் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இருவர் ஓர் உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகின்றனர். நிதானமாகக் குத்தும்போது உலக்கையைத் தூக்கி எடுக்க நேரம் தாராளமாக இருக்கிறது. கதி விரைவானால், போடுவது மட்டும் விரைந்தால் போதாது, தூக்குவதும் விரைய வேண்டும். ஒருத்தி பழைய நிதானத்திலேயே தூக்கிக்கொண்டிருந்தால், மற்றவளின் உலக்கை அவள் உலக்கைமேல் மோதும். இருதயமும் அப்படியே. நாடி 60இலிருந்து 120க்கு ஏறினால், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஒரு விநாடியிலிருந்து அரை விநாடியாகச் சுருங்குகிறது. மீட்சிக்கே 400 மில்லி விநாடி சென்றால், அறைகளில் இரத்தம் நிறைவதற்கு என்ன மிஞ்சும்? இருதயத் தசைக்கே உணவூட்டும் இரத்தமும் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் வேளையில்தான் இடப்பக்கக் கீழறைத் தசைக்குச் செல்கிறது. ஆதலால், வேகம் கூடும்போது தசை அணுக்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வாயில்கள் மிகுதியாகத் திறந்து, மீட்சியை விரைவுபடுத்துகின்றன. க்யூ-டி குறுகுகிறது. நாடி தணிந்தால் அது நீள்கிறது. நோயன்று, ஆரோக்கியத்தின் இலக்கணமே இது.

ஆகவே நாடி எத்தனை என்று கேளாமல் க்யூ-டியை மட்டும் சொல்வது, குழந்தையின் வயதைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும்.

இச்சிக்கலைத் தீர்க்க 1920ஆம் ஆண்டில் இருவர் முனைந்தனர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹென்றி கத்பர்ட் பாசெட் ஒருவர். டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரத்து லூயி சிகுர்ட் ஃப்ரிடெரிசியா மற்றொருவர். பாசெட் ஆராய்ந்தது நலமுள்ள இளையோர் 39 பேரின் வரைவுகளை. ஃப்ரிடெரிசியா 50 பேரை ஆராய்ந்தார். நாடி 60 ஆக இருந்திருந்தால் இவருடைய க்யூ-டி என்னவாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வதே இக்கணக்குகளின் நோக்கம். அவ்வாறு திருத்திய எண்ணே க்யூ-டி-சி. பாசெட்டின் வழியில், அளந்த க்யூ-டியை இரு துடிப்புகளின் இடைநேரத்தினுடைய வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஃப்ரிடெரிசியாவின் வழியில் கனமூலத்தால் வகுக்க வேண்டும். வேறுபாடு அவ்வளவே. நாடி 60 ஆக இருக்கும்போது இடைநேரம் ஒரு விநாடி. ஒன்றின் வர்க்கமூலமும் ஒன்றே, கனமூலமும் ஒன்றே. இருவரும் அங்கே ஒத்துப்போகின்றனர். அறுபதிலிருந்து விலக விலக அவர்களும் பிரிகின்றனர்.

இந்தப் பிரிவு ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் தம் மகளின் இ.சி.ஜி. தாளுடன் ஒரு மாலைப்பொழுதில் வந்தார். தொண்டைச் சதைக்கு அறுவை செய்யுமுன் எடுத்தது. பெண்ணுக்கு அன்று காய்ச்சல், போதாக்குறைக்கு அச்சம். நாடி 110. க்யூ-டி 345. கருவி அச்சிட்ட க்யூ-டி-சி 467. அதனருகில் 'நீண்டுள்ளது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். "சாமி, பிள்ளைக்கு நெஞ்சிலே கோளாறு என்று மிஷினே எழுதிவிட்டதே! இனி யார் இவளைக் கட்டுவார்கள்?" என்றார் அந்த அம்மாள். பெண்களுக்கு 460ஐயும் ஆண்களுக்கு 450ஐயும் எட்டினால் நீண்டது எனக் கொள்வது வழக்கு. அக்கணக்கின்படி 467 எல்லையைத் தாண்டியதே.

ஆனால் அது பாசெட்டின் கணக்கு. அதே 345ஐ, அதே நாடியை வைத்து ஃப்ரிடெரிசியாவின் வழியில் வகுத்தால் வருவது 422. எல்லைக்குள் நன்றாகவே அடங்கும் எண். ஒரே பெண், ஒரே தாள், ஒரே துடிப்பு. கணக்கு மட்டுமே வேறு. "கலங்க வேண்டாம் அம்மா; ஆனால் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடவும் வேண்டாம். மருத்துவரிடம் கொண்டுபோய், காய்ச்சல் தணிந்தபின் மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள்" என்றேன். மருத்துவரும் அதையே சொன்னாராம். பத்து நாள் சென்று எடுத்தபோது நாடி 76, க்யூ-டி 380. பாசெட்டின்படி 428, ஃப்ரிடெரிசியாவின்படி 411. அளந்த க்யூ-டி முன்னைவிட நீண்டிருக்க, திருத்திய எண் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். குடும்பத்தில் எவருக்கும் மயக்கமோ திடீர் மரணமோ உண்டா என்றும் விசாரித்து, இல்லை என்று அறிந்த பின்னரே மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்தார். அந்த விசாரணை ஏன் முக்கியம் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

வேகமான நாடியில் பாசெட்டின் கணக்கு மிகையாகக் காட்டும், மெதுவான நாடியில் குறைத்துக் காட்டும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. 1983ஆம் ஆண்டில் ஹாட்ஜஸ் என்பவரும், 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர மக்களை ஆராய்ந்தவர்களும் மூலங்களை விட்டு, கூட்டல் கழித்தலால் அமையும் நேர்க்கோட்டுக் கணக்குகளைத் தந்தனர். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் கூடி, பாசெட்டின் வழியைவிட இத்தகைய நேர்க்கோட்டுக் கணக்குகளே ஏற்றவை என்று பரிந்துரைத்தன. ஆயினும் இன்றும் பெரும்பாலான கருவிகள் அச்சிடுவது பாசெட்டின் எண்ணையே. மருத்துவர்களின் பயிற்சியும், எல்லை எண்களும், பழைய ஆய்வுகளும் அதன்மேலேயே எழும்பியுள்ளன என்பது காரணம். பழக்கம் கணிதத்தைவிட வலியது போலும்!

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாடி மாறியவுடன் க்யூ-டியும் அக்கணமே மாறிவிடுவதில்லை. புதிய வேகத்திற்கு இசைந்து அமைய அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. மாடிப்படி ஏறி வந்தவரை உடனே படுக்க வைத்து எடுத்த வரைவில், நாடி ஒரு நிலையிலும் மீட்சி மற்றொரு நிலையிலும் இருக்கும். எந்தக் கணக்கும் அவற்றைச் சரியாகப் பொருத்தாது. இ.சி.ஜி. எடுக்குமுன் சிறிது நேரம் அமைதியாகப் படுத்திருக்கக் கேட்பது, வரிசையில் நிற்போரின் முணுமுணுப்பைப் பொறுத்தேனும் செய்யத்தக்கது.

இதுவரை சொன்னது வீண் அச்சத்தைப் பற்றி. மீட்சி உண்மையாகவே நீண்டிருந்தால் நேர்வது வேறு. உலக்கையை எடுத்து முடிக்குமுன் அடுத்த உலக்கை விழுவது போல, மீட்சி முடியாத தசையில் புதிய மின்தூண்டல் எழுந்து, கீழறைகள் முறையின்றித் துடிக்கத் தொடங்கும். 1966ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா தெசெர்தென் இதை வரைவில் கண்டு விளக்கினார். கோட்டின் முனைகள் ஓர் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொள்வது போலத் தோன்றியதால், 'முனைகளின் முறுக்கு' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை இட்டார். அவர் கண்ட நோயாளி 80 வயது மூதாட்டி. மின்வழி தடைப்பட்டு நாடி மிகவும் மெதுவாகிவிட்டவர். நாடி மந்தமாகும்போது மீட்சி மேலும் நீண்டு, இந்த முறுக்கிற்கு வழி திறக்கிறது. எனவேதான் மருத்துவமனையில் இத்தகையோருக்கு மக்னீசியம் செலுத்துவதோடு, தேவையானால் மின்கருவியால் நாடியை விரைவுபடுத்தவும் செய்கின்றனர். முறுக்குச் சில விநாடிகளில் அடங்கினால் மயக்கம். அடங்காவிட்டால் மரணம்.

பிறவியிலேயே மீட்சி நீண்டவர்களும் உள்ளனர். இ.சி.ஜி. தோன்றுவதற்கு முன்பே, 1856ஆம் ஆண்டில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மைஸ்னர் என்ற மருத்துவர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்தார். செவி கேளாத சிறுமி ஒருத்தி, பள்ளியில் கண்டிக்கப்பட நின்றவிடத்திலேயே விழுந்து இறந்தாள். செய்தியைப் பெற்றோருக்கு அறிவித்தபோது அவர்கள் வியப்படையவில்லை. அவர்களுடைய வேறு பிள்ளைகளும் அதிர்ச்சிக்கு ஆளானபோது அவ்வாறே இறந்திருந்தனர். நூறு ஆண்டுகள் சென்று, 1957இல், நார்வே நாட்டு மருத்துவர்களான யெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தை விவரித்தனர். ஆறு பிள்ளைகளுள் நால்வர் பிறவியிலேயே செவி கேளாதவர், நால்வருக்கும் மயக்கம், நால்வருக்கும் க்யூ-டி நீண்டிருந்தது. அவர்களுள் மூவர் நான்கு, ஐந்து, ஒன்பது வயதுகளில் திடீரென இறந்தனர். செவிக்குறை இல்லாமலேயே வரும் வகையை இத்தாலியில் ரொமானோ 1963இலும், அயர்லாந்தில் வார்ட் 1964இலும் எடுத்துரைத்தனர். 1995, 1996ஆம் ஆண்டுகளில் இதற்குரிய மரபணுக்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் முதன்மையானவை, மேலே நான் சொன்ன பொட்டாசிய வாயில்களை ஆக்கும் மரபணுக்களே. வேகத்திற்கு ஏற்ப மீட்சியைச் சுருக்க வேண்டிய வாயில் பழுதானால், ஓட்டமும் அச்சமுமே ஆபத்தாகின்றன.

செவிக்குறையோடு வரும் வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால்தான் தோன்றும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணமுடிக்கும் நம் நாட்டில் இதை நான் மீண்டும் விளக்க வேண்டியதில்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்யத் திருச்சபையின் விதிவிலக்கு வேண்டி விண்ணப்பத்துடன் வரும் குடும்பத்தினர், சொத்தைப் பற்றி யோசிப்பதில் பாதியளவு இதைப் பற்றியும் யோசித்தால் நன்று. பிறவியிலேயே முற்றும் செவி கேளாத குழந்தைக்கு ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது உலக வழக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நம் தமிழ்நாட்டில் பல குழந்தைகளுக்குச் செவிக்குள் கருவி பொருத்தப்படுகிறது; அந்த அறுவைக்குமுன் எடுக்கும் வரைவில் க்யூ-டியையும் அருள்கூர்ந்து பாருங்கள் என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை.

ஓடும்போது, நீந்தும்போது, திடீரென மணியோ வெடியோ ஒலிக்கும்போது ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், அதை வலிப்பு என்றும், வெயில் என்றும், காற்றுக் கருப்பு என்றும் சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. எல்லா மயக்கமும் இந்நோயன்று, பெரும்பாலானவை அன்று. ஆயினும் ஓட்டத்தின் நடுவே வந்த மயக்கத்திற்கு இ.சி.ஜி. எடுக்காமல் விடலாகாது. எடுத்த எண் சரியாக இருந்தாலும் விசாரணை முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பழுதான மரபணு உள்ளவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஓய்வு நிலையில் க்யூ-டி-சி எல்லைக்குள்ளேயே இருக்கும். அவர்களுக்கு உடற்பயிற்சியின்போதும், அதன்பின் இளைப்பாறும் நிமிடங்களிலும் வரைவு எடுத்துப் பார்க்கின்றனர். நாடி விரையும்போது மீட்சியும் கூடவே விரைகின்றதா என்று அப்போது தெரிந்துவிடும்.

மருந்துகளாலும் மீட்சி நீளலாம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை, எரித்ரோமைசின் போன்ற மருந்துகளுடன் சேர்ந்தபோது இரத்தத்தில் தேங்கி முனைகளின் முறுக்கை உண்டாக்கியதால், 1998இல் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும், வாந்திக்கு வழங்கும் டோம்பெரிடோனும் ஒண்டான்செட்ரானும், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலும், மலேரியாவுக்கான குளோரோகுவினும் க்யூ-டியை நீட்டக்கூடியவை. இவை பயனுள்ள மருந்துகள். மருத்துவர் எழுதித் தந்ததை இக்கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் அஞ்சுவது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு பொட்டாசியம் குறைந்து கிடக்கும் முதியவருக்கு, மருந்துக் கடையில் வாய்ச்சொல்லாகக் கேட்டு இரண்டு மூன்றைச் சேர்த்து வாங்கிக் கொடுப்பதையே. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில், காய்ச்சலால் நாடி விரைந்தோடிய நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தரப்பட்டபோது, மருத்துவர்கள் நேர்கொண்ட இடர்ப்பாடும் இதுவே. மருந்து உண்மையாகவே நீட்டியது எவ்வளவு, வேகமான நாடியில் பாசெட்டின் கணக்கு மிகையாகக் காட்டியது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. 500ஐத் தாண்டிய எண்ணை எவரும் எளிதாகக் கொள்ளார். அதற்குக் கீழே நிற்கும் எண்களில்தான் நாடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நோய் என்று உறுதிப்பட்டால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ப்ராப்ரனலால், நாடலால் போன்ற மாத்திரைகள் பலரைக் காத்து வருகின்றன. நாள் தவறாமல் உட்கொள்வது, தனியே நீந்தாமல் இருப்பது, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்திருப்பது ஆகியவை மருத்துவர் சொல்லும் ஒழுங்குகள். சிலருக்கு மார்பில் ஒரு கருவியையும் பொருத்துகின்றனர். உடன்பிறந்தார், பெற்றோர் எல்லாருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று இதை மறைக்கும் பெற்றோரிடம் நான் கண்டிப்பாகவே பேசுவேன். மறைத்தால், அவள் தம்பிக்கு எவரும் சோதனை செய்யமாட்டார்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது பழைய தாள்கள் அனைத்தையும் கொண்டுசெல்லுங்கள். ஒருவருடைய க்யூ-டியை அவருடைய பழைய வரைவோடு, அதிலும் ஏறக்குறைய அதே நாடியில் எடுத்த வரைவோடு ஒப்பிடுவதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. அங்கே பாசெட்டும் வேண்டாம், ஃப்ரிடெரிசியாவும் வேண்டாம். கருவி தந்த எண்ணை மட்டும் நம்பாமல், டி மேடு எங்கே முடிகிறது என்று மருத்துவர் தாமே அளந்து பார்ப்பதற்கும் தாள் தெளிவாக இருக்க வேண்டும். இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தால் எழுதப்படுவது. சில ஆண்டுகளில் கோடுகள் மங்கி வெறுந்தாளாகிவிடும். வெயிலும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் இன்னும் விரைவில் மங்கும். எடுத்த வாரத்திலேயே ஒரு நகல் எடுத்து, பெயர், நாள், அன்று உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றை அதன் ஓரத்தில் எழுதி, குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.